எல்லாத்துக்கும் ஓம்

9 பெப்ரவரி 2025, ஞாயிறு

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து மாதாவிடம் நான் ஒன்றைத்தான் விடாமல் கேட்டு வந்தேன். எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசாமல் "ஓம்" என்று சொல்கிற ஆளாக இந்த மனிதரை மாற்றித் தா தாயே என்று. போன செப்டம்பரில் கேட்டது கிடைத்துவிட்டது. ஸ்ட்ரோக் வந்து ரஜிதனுடைய பேச்சை அள்ளிக்கொண்டு போனபோது அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

குளிருதோ? ஓம். ஹைட்சுங் சூட்டைக் கூட்டட்டோ? ஓம். அப்ப குறைக்கட்டோ? ஓம்.

இன்று பகிடிக்கு, "நான் உங்களை விட்டிட்டுக் கீழ்வீட்டு ஜெர்மன்காரனோடை ஓடட்டோ?" என்று கேட்டேன். ஓம் என்றார். விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சீ, முறைப்பாடு சொல்லக் கூடாது. கை கால் திரும்பி வந்துவிட்டது. தானே நடக்கிறார், தானே சட்டைப் பொத்தான் போடுகிறார், சொல்வதெல்லாம் விளங்குகிறது. அதே வார்டில் அவருக்குப் பக்கத்தில் கிடந்தவர் இன்றைக்கு இல்லை. மாதாவே, கோடி நன்றி. ஆனால் உண்மையைச் சொல்லட்டோ? சண்டை பிடிக்க ஆளில்லாத வீடு வீடு மாதிரியே இல்லை.

23 பெப்ரவரி

மகள் துஷானி பொகுமிலிருந்து வந்தாள். பல்கலைக்கழகத்தில் இப்போது பழைய இங்கிலிஷ் பகிடி நாடகங்கள் படிக்கிறாளாம். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தியவை. சாப்பாட்டு மேசையில் தகப்பனைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு வருஷமா இங்கிலாந்தில நாடகமே தடையப்பா. பிறகு ராஜா திரும்பி வந்த உடனை கொட்டகையெல்லாம் திறக்குது. முதல்முதலாப் பொம்பிளையள் மேடையில ஏறீனம். நாடகம் நடக்கேக்கை சனத்துக்கு மேலேயும் மெழுகுதிரி எரியும். ஆளை ஆள் பாக்கலாம். சனம் கதைக்கும், தோடம்பழம் வாங்கித் தின்னும், நடிக்கிற ஆக்களுக்குத் திருப்பிச் சொல்லும். சில பெரிய ஆக்கள் மேடையிலயே நீட்டு வாங்கு போட்டுக் குந்தியிருப்பினம்."

"பிள்ளை, நீ எங்கடை கலைவிழாவையே சொல்லுறாய்?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா, லண்டன்!"

என்ன லண்டன்? எசன் தமிழ்ச் சங்கத்துக் கலைவிழா அப்படியே அதுதான். தோடம்பழத்துக்குப் பதிலாக ரோல்ஸ். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அவள் சொன்ன இன்னொன்று என் நெஞ்சுக்குள் போய் இருந்துவிட்டது. அந்த நாடகங்களில் விரும்புகிறவர்கள் "கண்ணே மணியே" என்றெல்லாம் கொஞ்ச மாட்டார்களாம். சண்டைதான் பிடிப்பார்களாம். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல முதல் எதிரெதிரே நின்று நிபந்தனை போடுவார்களாம். ஒருவர் ஒன்று சொல்ல மற்றவர் அதை வெட்டுவார். தன்னை வெட்டிப் பேசத் தெரிந்த ஆளைத்தான் கதாநாயகி கட்டுவாள்.

நான் ரஜிதனைப் பார்த்தேன். கோப்பையில் சோற்றை மெல்ல மெல்லக் குழைத்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கும் ஒரு சண்டை இருந்தது. ஜன்னல் சண்டை. காலையில் ஜன்னலைத் திறந்து காற்று விடாவிட்டால் எனக்குத் தலை இடிக்கும். இந்த நாட்டுக்கு வந்து பழகிய பழக்கம். அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கத்துவார்: "ரோட்டைச் சூடாக்கிறதுக்கே நான் வேலைக்குப் போறன்?" ஒவ்வொரு குளிர்காலமும், ஒரு நாள் தப்பாமல்.

இப்போதும் ஒவ்வொரு நாளும் விடியத் திறக்கிறேன். ஒரு சத்தமும் இல்லை.

8 மார்ச்

கலைவிழாவுக்கு நாடகம் எழுதத் தொடங்கிவிட்டேன்! நாடகத்தின் பெயர் "கையெழுத்துக்கு முன்னம்". கதை நடப்பது அந்தக் காலத்து லண்டனில். கதைப்பது எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ். பேக்கரியில் ஆள் வராத நேரம் பார்த்து, பாண் சுற்றுகிற தாளிலேயே கிறுக்குகிறேன்.

கார்னிவல் முடிந்து கடைகளில் எல்லாம் பாதி விலை. சுருட்டை மயிர் வைத்த பெரிய பெரிய ஆம்பிளை டோப்பா அள்ளிக்கொண்டு வந்தேன். ஒன்றை ரஜிதனின் தலையில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல வடிவாய்த்தான் இருக்கிறார், மனிதர்.

30 மார்ச்

சங்கக் கூட்டம். செயலாளர் கமலநாயகி அக்காவுக்கு நாடகம் பிடிக்கவில்லை. "உதென்ன ஜசிந்தா, இங்கிலிஷ்காரன்ரை பழங்கதை? சனம் இருந்து பாக்குமோ?"

"நாடகத்துக்குச் சனம் இருக்கும் அக்கா. நன்றியுரைக்குத்தான் இராது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வருஷா வருஷம் நன்றியுரை என் தலையில்தான். தமிழைத் தடக்காமல் வாசிக்கிறேனாம், அதற்குத் தண்டனை. "இறுதியாக நன்றியுரை" என்று அறிவித்த உடனேயே கதிரைகள் கிரீச்சிடத் தொடங்கும். பிள்ளைகளுக்கு ஜாக்கெட், பெரியவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல், கார் திறப்பு எங்கே, சப்பாத்து எங்கே. ஒலிபெருக்கி தந்தவருக்கும் மண்டபம் தந்த பாதிரியாருக்கும் நான் நன்றி சொல்வது எல்லாம் சனத்தின் முதுகுக்குத்தான். இத்தனை வருஷத்தில் என் நன்றியுரையை முழுசாகக் கேட்டவர் ஒரே ஒருவர். ரஜிதன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதில் பிழை பிடிப்பார்.

கடைசியில் அக்கா ஒத்துக்கொண்டா. ஆனால் ஒரு நிபந்தனை. சனம் பாதியில் எழும்பினால் அடுத்த வருஷம் முதல் பழையபடி சினிமா டான்ஸ்தான்.

17 மே, சனி

ஒழுங்காக எழுத வேண்டும்.

இன்று ஒத்திகை. கதாநாயகி தேனுஜா, நாயகன் லக்ஸன். இரண்டும் இங்கே பிறந்த பிள்ளைகள், நல்ல பிள்ளைகள். அதுதான் பிரச்சினை. சண்டை பிடிக்கத் தெரியவில்லை. லக்ஸன் வசனத்தை மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கிற மாதிரி வாசிக்கிறான்.

"அன்ரி, இவைக்கு இவ்வளவு பிரச்சினை எண்டால் ஏன் கட்டீனம்?" என்று கேட்கிறான்.

"அட மண்டு, இதுதானடா அவைக்குக் காதல்!"

ரஜிதனைத் தனியே வீட்டில் விட மனம் வராமல் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முன்வரிசையில் இருந்தார். நிபந்தனைக் காட்சி வந்தது. தேனுஜா சொன்னாள்: "நிபந்தனை ஒண்டு. காலமை நான் ஜன்னல் திறப்பன். நீர் குளிருது எண்டு வாய் திறக்கக் கூடாது." அதற்கு லக்ஸன், நான் எழுதிக் கொடுத்தபடி, "சரி, உம்மடை விருப்பம்" என்றான்.

"இல்லை!"

யார் சொன்னது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அந்தக் குரல் எனக்குத் தெரியாதா!

ஓடிப் போய்ப் பக்கத்தில் குந்தினேன். "என்னப்பா? என்ன இல்லை?"

"இல்லை." கதிரைக் கையில் ஓங்கி அடித்தார். என் கையில் இருந்த தாளைக் காட்டினார். மண்டபத்து ஜன்னலைக் காட்டினார். பிறகு விரலை நீட்டி என்னைக் காட்டினார். முகம் சிவந்து போயிற்று. வாய் எதையோ தேடியது, அகப்படவில்லை. ஆனால் அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். கள்ளி! நான் எப்ப உமக்கு விட்டுத்தந்தனான்?

உண்மைதான். ஒரு நாளும் விட்டுத்தந்ததில்லை. பேசாமல் கிடக்கிற மனிதரை எழுத்தில் வென்றுவிடலாம் என்று நினைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அந்த வசனத்தை அங்கேயே வெட்டினேன். இப்போது லக்ஸன் சொல்வது: "ரோட்டைச் சூடாக்கிறதுக்கே நான் வேலைக்குப் போறன்?"

ரஜிதன் தலையை ஆட்டினார். "ஓம்."

எட்டு மாதத்தில் அதுதான் முதல் உண்மையான ஓம்.

20 மே

பேச்சுப் பயிற்சி தருகிற பிரௌ ஹெல்விக்கிடம் சொன்னேன். அந்த அமைதியான மனுசி கதிரையை விட்டு எழும்பிக் கை தட்டினா. மறுக்க வருகிற ஆளுக்கு மற்றச் சொற்களும் வர வழி இருக்கிறது, அவருக்குக் கோபம் வருகிற இடத்துக்குத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றா. என்ன நல்ல வைத்தியம்! அதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தேர்ச்சி.

22 மே

வீட்டில் ஆயிரம் விதமாகக் கோபப்படுத்திப் பார்த்தாயிற்று. கறிக்கு உப்புப் போடவில்லை. அவருடைய கால்பந்தை நிற்பாட்டி என் சீரியல் போட்டேன். நல்லா இருக்கோ என்று கேட்டேன்.

ஓம்.

15 ஜூன்

இன்றும் ஓம். மழை.

6 ஜூலை

இராசலிங்கம் அண்ணையைப் பற்றி எழுத வேண்டும்.

எசனில் அவரைத் தெரியாதவர் இல்லை. எந்த நிகழ்ச்சி என்றாலும் முன்வரிசையில் குந்திக்கொண்டு மேடைக்குச் சத்தமாகப் பதில் சொல்கிற மனிதர். "தங்கச்சி, சுருதி வீட்டை விட்டிட்டு வந்திட்டீரோ?" என்று ஒரு பாட்டுக்காரியை ஒருமுறை அழ வைத்தவர். எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. ஆனால் ரஜிதன் ரேஹாவில், அந்த மறுவாழ்வு நிலையத்தில், கிடந்த மாதங்களில் வியாழன் தவறாமல் பஸ் எடுத்து வந்தவர் அவர்தான். மற்றவர்கள் வருவார்கள், என்ன பேசுவது என்று தெரியாமல் பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள். அண்ணை கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அரசியல், பந்து, ஊர்ச் சண்டை எல்லாம் தனியே கதைப்பார். "இவனோடை கதைக்கிற சுகம் ஒருத்தரோடையும் வராது ஜசிந்தா. குறுக்கை விழமாட்டான்" என்பார். ரஜிதன் வயிறு குலுங்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக அண்ணையின் ஏழு தலைமுறைக்கும் நான் நன்றி சொல்வேன்.

இன்று துஷானிக்கு ஒரு யோசனை. அண்ணை எப்படியும் குறுக்கே கத்தத்தான் போகிறார். அந்தக் கால லண்டனில் போல அவரை மேடையிலேயே வாங்கில் இருத்தி, டோப்பாவும் போட்டு, கத்து மாமா என்றொரு பாத்திரமாக விட்டால் என்ன? பக்கத்தில் அப்பா. ஜன்னல் இடம் வரும்போது அப்பா "இல்லை" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனம்.

அண்ணைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எனக்கு எழுதித் தரவேண்டாம். நான் அந்த நேரம் சுயமா விடுவன்."

ரஜிதனைக் கேட்டேன், மேடை ஏறுவீர்களோ என்று. ஓம் என்றார். எந்த ஓம் என்று தெரியவில்லை.

21 செப்டம்பர்

ஸ்ட்ரோக் வந்து ஒரு வருஷம். பூசைக்குக் காசு கொடுத்தேன். ஒத்திகையில் "இல்லை" சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை. வந்தால் லக்ஸனும் தேனுஜாவும் கை தட்டுகிறார்கள். வராவிட்டால் நிற்காமல் அடுத்த வசனத்துக்குப் போகிறார்கள், அவருக்கு வெட்கம் வராமல். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே செய்கிறார்கள்.

17 அக்டோபர்

நாளைக்குக் கலைவிழா.

அந்த நாடகங்களில் கடைசியில் நடித்தவர்களில் ஒருவர் வேஷத்தை விட்டு முன்னுக்கு வந்து சனத்தோடு நேரே பேசுவாராம். நாடகம் பிழைக்கிறதும் சாகிறதும் அதில் கிடக்குமாம். "அம்மா, அதை நீங்கதான் சொல்லவேணும். நன்றியுரையையும் அதையும் ஒண்டாக்குங்கோ" என்கிறாள் துஷானி.

இந்த முறை எனக்குச் சொல்ல இருக்கிறது. பழம் வைத்துவிட்டுப் போனவர்கள், ஆம்புலன்சுக்குப் பின்னால் கார் ஓட்டிக்கொண்டு வந்தவர், என் வேலை நேரத்தை மாற்றித் தந்த பேக்கரி முதலாளியம்மா, சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் சாப்பாட்டுச் சட்டி வைத்துவிட்டுப் போனது யார் என்று இன்னும் எனக்குத் தெரியாது. எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருக்கப் போகிறார்கள். ஆனால் கதிரை இழுபடுகிற சத்தத்துக்குள் சொல்லி என்ன பயன்? மாதாவே, நாளைக்கு ரெண்டு காரியம். அவருக்கு அந்த ஒரு சொல் வரவேண்டும். என்னுடைய சனம் ஒரு ஐந்து நிமிஷம் இருக்க வேண்டும்.

19 அக்டோபர், ஞாயிறு

ஆற அமர எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. வெளிச்சத்தை அணைக்கக் கூடாது என்று துஷானி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் திரை ஓரத்திலிருந்து எல்லோருடைய முகமும் எனக்குத் தெரிந்தது. ரோல்ஸ் கடிக்கிற வாய்கள் கூட.

மேடையில் வாங்கு. அதில் டோப்பா போட்ட இரண்டு பேர். இராசலிங்கம் அண்ணை கத்துவார், கத்துவார் என்று சனம் காத்திருந்தது. மனிதர் மரம் மாதிரி இருந்தார்! ஒரு சொல் இல்லை. கீழே இருந்து எத்தனை பேரை நடுங்க வைத்தவர், மேலே ஏறியதும் தொடை நடுங்கிப் போனார். டோப்பாவுக்குள்ளால் வேர்வை ஓடியது. "அண்ணை, பற்றரி முடிஞ்சுதோ?" என்று பின்வரிசையில் ஒரு பொடியன் கத்தினான். கொட்டகை இடிகிற சிரிப்பு. நாடகத்தில் நான் எழுதிய ஒரு பகிடிக்கும் அவ்வளவு சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது, பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது.

தேனுஜாவும் லக்ஸனும் பிரமாதம். நிபந்தனைக் காட்சியில் அந்தப் பிள்ளைகள் நின்று வெட்டிக்கொண்ட வெட்டில், முன்வரிசைப் பொம்பிளைகள் புருஷன்மாரை முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஜன்னல் வந்தது. "நீர் குளிருது எண்டு வாய் திறக்கக் கூடாது."

தேனுஜா நிறுத்தினாள். எல்லோரும் வாங்கைப் பார்த்தோம்.

ரஜிதன் வாய் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். ஐயோ, அந்த முகம். மாதாவே, மாதாவே என்று திரைச்சீலையைப் பிடித்துக் கசக்கினேன். லக்ஸன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வசனத்தைச் சொன்னான். காட்சி போய்விட்டது. ரஜிதன் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு நாடகத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

முடிந்தது. நல்ல கைதட்டு. ஒருவரும் பாதியில் எழும்பவில்லை. நான் முன்னுக்குப் போய் மைக்கைப் பிடித்தேன். அறிவிப்பாளர் வழக்கம்போல, "இறுதியாக நன்றியுரை" என்றார்.

கிரீச். முதல் கதிரை. பிறகு பத்து, பிறகு மண்டபம் முழுக்க. ஜாக்கெட்டுகள் மேலே எழும்பின. கமலநாயகி அக்காவே ஒரு கை ஜாக்கெட்டுக்குள்ளும் மற்றக் கையில் பார்சலுமாக வாசலுக்குப் போய்விட்டா. நான், "அன்பான உறவுகளே" என்றேன். முதுகுகள். திரும்பவும் "அன்பான" என்று தொடங்கினேன். போகட்டும், எல்லாரும் போகட்டும், எனக்கு என்ன என்று தாளை மடித்தேன்.

"இருங்கோ!"

எனக்குப் பின்னாலிருந்து. இடி விழுந்த மாதிரி.

ரஜிதன் வாங்கை விட்டு எழும்பி நின்றார். டோப்பா ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. கையை வாசலை நோக்கி நீட்டியிருந்தார். கண்ணில் அப்படி ஒரு கோபம், எத்தனை வருஷம் என்னிடம் காட்டிய அதே கோபம்.

"இருங்கோ! இவ... கதைக்கிறா!"

அந்த மண்டபத்தில் அவருக்கு என்ன நடந்தது என்று தெரியாத ஆள் இல்லை. கமலநாயகி அக்கா ஒரு கை ஜாக்கெட்டோடு கிடைத்த கதிரையில் பொத்தென்று இருந்தா. பிறகு எல்லோரும். கிரீச், கிரீச் என்று மண்டபம் முழுக்கத் திரும்பக் கதிரையில் இருந்தது.

அப்போதுதான் இராசலிங்கம் அண்ணைக்கு நாக்கு வந்தது. "கேட்டியளோ! என்ரை தம்பி சொல்லுறான், இருங்கோவாம்!" என்று கத்திவிட்டு, டோப்பாவைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நான் என்ன பேசினேன்? தாளைப் பார்க்கவில்லை. வெளிச்சம் இருந்தது, முகங்கள் இருந்தன, ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னேன். பெயர் சொல்லிச் சொன்னேன். சட்டி வைத்தவர் யார் என்று தெரியாது, அவருக்கும் நன்றி என்றேன். வாசல் பக்கத்துக் கதிரையில் கமலநாயகி அக்கா குனிந்து பார்சலைப் பார்த்தா. அட, அவவோ!

ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி சொல்ல மறந்துபோனேன். வீட்டுக்கு வருகிற வழியில் காரில் ரஜிதன் என் தோளைத் தட்டினார். காதைத் தொட்டு, மைக் பிடிக்கிற மாதிரிக் கையைக் காட்டி, விரலை ஆட்டினார். பிழை பிடிக்கிறார்! மனிதர் பிழை பிடிக்கிறார்!

20 அக்டோபர்

பேக்கரியில் இன்று எல்லோருக்கும் ஒரு பாண் கூடவே போட்டேன். முதலாளியம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தா. அவவுக்கும் நன்றி.

2 நவம்பர்

அதற்குப் பிறகு திரும்பவும் ஓம், ஓம்தான். பிரௌ ஹெல்விக் அவசரப்பட வேண்டாம் என்கிறா. நான் எங்கே அவசரப்பட்டேன்? கிடைத்ததே போதும். இரண்டு வசனம் கிடைத்தது, அதுவும் எனக்காக. இல்லாவிட்டாலும் நன்றி மாதாவே. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

23 நவம்பர், ஞாயிறு

விடிய எழும்பினேன். வெளியே கூரைகளெல்லாம் வெள்ளையாய்க் கிடந்தன. வழக்கம்போல ஜன்னலை அகலத் திறந்துவிட்டு வந்து தேத்தண்ணி ஊற்றினேன்.

"பூட்டும்."

திரும்பிப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே மூக்கு மட்டும் தெரிந்தது.

"என்ன?"

"ஜன்னல். பூட்டும். குளிருது."

எனக்குக் கால் ஓடவில்லை. ஆனால் வாய் ஓடியது. "ஏன் பூட்டவேணும்? காத்து வரவேண்டாமோ? அறை முழுக்க நேற்றைய கறி மணக்குது!"

"ரோட்டுக்கு..." தேடினார். நான் பொறுத்தேன். எடுத்துக் கொடுக்கவில்லை. "ரோட்டுக்கு... சூடு! உமக்கு விசரே?"

"எனக்கோ விசர்? உங்களுக்குத்தான் விசர்!"

"உமக்கு!"

"உங்களுக்கு!"

தேத்தண்ணி ஆறிப் போயிற்று. கையும் விறைத்துப் போயிற்று. ஜன்னலை நான் பூட்டவில்லை. இன்னும் கொஞ்சம் பேசட்டும்.